சூரிய மகுடத்தில் முறுக்குண்ட காந்தப்புலம்: தோற்றமும் வெளியேற்றமும்

முன்னுரை

காஞ்சிபுரத்தில் பட்டு இழைகள் முறுக்கேற்றப்பட்ட பின்னரே பாவுக்குச் செல்கின்றன. முறுக்கு மிகுந்த இழையை இரு முனைகளிலும் பிடித்துச் சற்றே தளர்த்தினால், அது தன்மேலேயே சுருண்டு கண்ணியாகிறது. முறுக்கு மறைவதில்லை, அதன் வடிவமே மாறுகிறது. சூரிய மகுடத்தின் காந்தப்புலத்திலும் இதனையொத்த நிகழ்வைக் காணலாம். அம்முறுக்கு எவ்வாறு தோன்றி எவ்வாறு நீங்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முறுக்கின் தோற்றம்

சூரியனின் ஒளிமண்டலம் ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பநிலை உடையது. அதற்கு மேலுள்ள மகுடமோ 10 இலட்சம் கெல்வினையும் கடந்தது. மகுடத்தில் வளைந்தெழும் காந்தப்புலக் கோடுகளின் இரு அடிகளும் ஒளிமண்டலத்தில் ஊன்றியுள்ளன. அங்குள்ள பிளாஸ்மாவின் நகர்வும் சுழற்சியும் அக்கோடுகளை முறுக்குகின்றன. சூரியனின் உட்பகுதியிலிருந்து முறுக்குடனேயே மேலெழும் புலமும் உண்டு.

விசையற்ற காந்தப்புலம்

மகுடத்தின் கீழ்ப்பகுதியில் வாயு அழுத்தம் காந்த அழுத்தத்தைவிட மிகக் குறைவு. ஆதலின் காந்தவிசையைச் சமன்செய்ய வேறு விசை இல்லை. மின்னோட்டம் புலத்திற்கு இணையாகப் பாயும்போது அவ்விசை சுழியாகிறது. இதுவே விசையற்ற காந்தப்புலம் எனப்படுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சு. சந்திரசேகர், கெண்டலுடன் இணைந்து 1957இல் இப்புலத்திற்குக் கணிதத் தீர்வுகளை அளித்தார். புலக்கோடுகள் முறுக்குண்டும் பின்னியும் இருக்கும் மொத்த அளவு காந்தச் சுருண்மை ஆகும். மின்தடையற்ற மூடிய அமைப்பில் இது மாறாது என்று 1958இல் வோல்ட்யர் நிறுவினார். சுருண்மை மாறாத நிலையில், மின்னோட்டத்திற்கும் புலத்திற்கும் உள்ள விகிதம் எங்கும் ஒன்றாயிருக்கும் விசையற்ற புலமே மிகக் குறைந்த ஆற்றலுடையது என்பதும் அவர் முடிவாகும்.

முறுக்கின் வெளியேற்றம்

முறுக்கு ஓர் எல்லையைக் கடந்தால் காந்தக் கயிறு நிலைகுலைந்து மடிகிறது. எளிய மாதிரி ஒன்றில் அவ்வெல்லை ஏறத்தாழ 1.25 சுற்று என ஹூட், பிரீஸ்ட் ஆகியோர் 1981இல் கணித்தனர். அப்போது புலக்கோடுகள் அறுந்து வேறு வகையில் இணையக்கூடும். காந்த ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகவும் ஒளியாகவும் வெளிப்படும், இதுவே சுடர்வெடிப்பு. எனினும் சுருண்மை ஏறக்குறைய முழுமையாக எஞ்சுகிறது.

சூரியனின் வட அரைக்கோளத்தில் இடக்கை முறுக்கும், தென் அரைக்கோளத்தில் வலக்கை முறுக்கும் மிகுந்துள்ளன. ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சிதோறும் காந்தமுனைகள் இடம் மாறினும் இப்போக்கு மாறுவதில்லை. ஆகவே ஒரு சுழற்சியின் முறுக்கை அடுத்த சுழற்சி ஈடுசெய்வதில்லை. தேங்கும் சுருண்மை வெளியேறும் முதன்மை வழிகளுள் ஒன்று, காந்தக் கயிற்றையே விண்வெளிக்கு எறியும் மகுடப் பொருள் உமிழ்வு ஆகும்.

முடிவுரை

இவ்வுமிழ்வுகள் செயற்கைக்கோள்களையும் மின்வலையமைப்புகளையும் பாதிக்க வல்லவை. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனம் உருவாக்கிய மகுடவரைவி இடம்பெற்றுள்ளது. ஆற்றல் வெளிப்பட்டு அடங்கிய பின்னரும் முறுக்கு எஞ்சுவதால், உமிழ்வை முன்னறிய முயல்வோர் ஆற்றலுடன் சுருண்மையையும் கணக்கிடுதல் இன்றியமையாதது.