மெயிலைக் காணோம் மக்கா!

தொலைஞ்சுபோன மெயில்பாக்ஸைத் தோண்டி எடுக்கிறது எப்படி? கூகுள் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை ஒரு ரவுண்டு!

காலையில பல் விளக்குறதுக்கு முன்னாடியே மெயில் செக் பண்ற பார்ட்டியா நீங்க? அப்படின்னா இந்த மேட்டர் உங்களுக்குத்தான் பாஸ்!

2011 பிப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை. உலகத்தோட பல மூலைகள்ல சிலர் வழக்கம்போல ஜிமெயிலைத் திறந்தாங்க. இன்பாக்ஸ் துடைச்சு வெச்ச மாதிரி காலி! காதல் கடிதம், கம்பெனி கான்ட்ராக்ட், வேலைக்கான ஆஃபர் லெட்டர் எதுவுமே இல்லை. பாஸ்வேர்டு சரி, அக்கவுன்ட் சரி, உள்ளே மட்டும் பாலைவனம்.

பாதிக்கப்பட்டது மொத்த ஜிமெயில் யூஸர்கள்ல 0.02 சதவிகிதம்தான்னு கூகுள் சொன்னது. அதாவது, பத்தாயிரம் பேர்ல ரெண்டு பேர். கேட்க சின்ன நம்பர்தான். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நீங்களா இருந்தா?

கூகுளுக்கே காய்ச்சல்!

இதுல நாம கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. கூகுள் உங்க மெயிலை ஒரே இடத்துல வைக்கிறதில்லை. வேற வேற டேட்டா சென்டர்கள்ல பல காப்பி வெச்சிருக்கும். ஒரு ஊர்ல கரன்ட் போனா இன்னொரு ஊர்லருந்து எடுத்துக் கொடுக்கும். அப்புறம் எப்படிக் காணாமப் போச்சு?

மெயிலைச் சேமிக்கிற சாஃப்ட்வேர்ல ஒரு புது அப்டேட் போட்டாங்க. அதுல ஒரு பிழை. பிழை செய்த வேலையை சிஸ்டம் 'நல்ல வேலை'ன்னு நம்பி எல்லா காப்பியிலயும் செய்து முடிச்சிருச்சு. எத்தனை காப்பி இருந்தா என்ன? எல்லாம் ஒரே கயிறால கட்டியிருந்தா, ஒண்ணு மூழ்கும்போது மத்ததும் கூடவேதான் மூழ்கும்.

கடைசியில காப்பாத்தினது எது தெரியுமா? டேப்! நம்ம மாமா காலத்துப் பாட்டு கேசட்டோட பெரியண்ணன்னு வெச்சுக்கங்க. அந்தக் காந்த நாடா நெட்வொர்க்கோட சேராம தனியா கிடந்ததால பிழை அதைத் தொடவே முடியலை. அதிலிருந்து மெயில்களைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. டேப்ல தேடிப் படிக்கணும்கிறதால நிமிஷத்துல முடியுற வேலையா அது இல்லை. மணிக்கணக்குல, சிலருக்கு நாள்கணக்குல காத்திருப்பு. பிரச்னை நடந்த நேரத்துல வந்த சில மெயில்கள் டெலிவரி ஆகாமலே அனுப்பினவங்களுக்குத் திரும்பிப் போயிருக்கும்னும் கூகுளே ஒத்துக்கிச்சு.

நம்ம துறைமுகத்துல நடந்தா?

'அது அமெரிக்கா மேட்டர், நமக்கென்ன'னு பக்கத்தைப் புரட்டாதீங்க. குமரி மாவட்டத்துல தாமிரபரணி ஆறு கடல்ல கலக்குற பொழிமுகம்தான் எங்க தேங்காய்ப்பட்டணம். மீன்பிடித் துறைமுகத்துல போட்டு வந்து நின்னா ஏலச் சத்தம் காதைப் பிளக்கும். ஏலம் வாயால நடக்கலாம். ஆனா, அந்தக் கணவாயோ, சூரையோ கடல் தாண்டிப் போகணும்னா வேலை நடக்கிறது மெயில்லதான். விலை ஒப்புதல், பில், சுகாதாரச் சான்றிதழ், பேங்க் பேப்பர், கப்பல் ஏஜென்ட்டோட பதில் எல்லாமே அட்டாச்மென்ட்!

இப்போ ஒரு கற்பனை. பத்துப் பேர் வேலை செய்யுற ஒரு சின்ன ஏற்றுமதி ஆபீஸ். பின்னறையில மெயில் சர்வர். இடி, மின்னல், கரன்ட் கட். திரும்ப ஆன் பண்ணினா யாருக்கும் மெயில்பாக்ஸ் திறக்கலை. முதலாளி ஓடி வர்றார். "மக்களே, அந்த வெலை ஒத்துக்கிட்ட மெயிலு இருந்தாத்தான் வாங்கினவன்கிட்ட நம்ம பணத்தைக் கேக்க முடியும். அது எங்க?" அவர் கேட்கிறது டேட்டாவை இல்லை. போட்டுல போனவங்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலியை!

நாளைக்கு நீங்க அந்த ஆபீஸ்ல சிஸ்டம் அட்மின். என்ன செய்வீங்க?

காணாமப் போச்சா, கண்ணுல படலையா?

முதல் கேள்வி இதுதான். 2010 டிசம்பர் 30-ல ஹாட்மெயில்லயும் இப்படித்தான் 17,355 அக்கவுன்ட்கள் காலியாச்சு. டெஸ்ட்டுக்காக உருவாக்கின போலி அக்கவுன்ட்களை அழிக்க எழுதின ஒரு ஸ்கிரிப்ட், நிஜ யூஸர்கள் சிலரோட 'விலாச'த்தையும் சேர்த்து அழிச்சிருச்சு. மெயில்கள் பத்திரமா இருந்தது. அது எந்த வீட்டுல இருக்குன்னு சொல்ற டைரக்டரிப் பதிவுதான் போச்சு. விலாசத்தைச் சரிபண்ணி மெயிலை மீட்டுக் கொடுத்தாங்க.

நம்ம தமிழ்நாட்டு உதாரணமும் இருக்கு. 2018 செப்டம்பர் 24-ல ஸோஹோ மெயில் உட்பட அந்த கம்பெனியோட சேவைகள் பலருக்குத் திறக்கலை. ஃபிஷிங் புகார்னு சொல்லி, டொமைன் பதிவு செய்த நிறுவனம் அவங்க வெப் விலாசத்தையே முடக்கிடுச்சு. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல வந்து உதவி கேட்கிற அளவுக்குப் போச்சு நிலைமை. உள்ளே டேட்டா சேதமில்லை. கடைக்குப் போற ரோடு அடைபட்டுக் கிடந்தது, அவ்வளவுதான்.

அதனால, பதறி எதையும் ரீஇன்ஸ்டால் பண்ணாதீங்க மக்களே! டெலீட் ஆன மெயிலுக்கு அவகாசமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்ல குப்பைத்தொட்டியைக் காலி செய்த பிறகும் மெயில் 14 நாள் மறைவா இருக்கும். மெயில்பாக்ஸையே நீக்கினாலும் 30 நாள் டைம். அமைப்பை யாரும் மாத்தலைன்னா இதுதான் கணக்கு. கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல ட்ராஷ்ல 30 நாள், அதுக்கப்புறம் அட்மின் மீட்க இன்னும் 25 நாள். தேதி தாண்டினா தாண்டினதுதான்!

நாள்வழியும் பேரேடும்

சரி, நிஜமாவே டேட்டாபேஸ் உடைஞ்சிருச்சு. இப்போதான் இன்ஜினீயரிங்!

கடைத்தெரு கணக்குப்பிள்ளை எப்படி எழுதுவார்? வரவு செலவை முதல்ல நாள்வழியில அப்பப்போ எழுதிடுவார். அப்புறம் சாவகாசமா பேரேட்டுல ஏத்துவார். எக்ஸ்சேஞ்ச் சர்வர் அச்சு அசல் அவரேதான். வர்ற ஒவ்வொரு மெயிலும் முதல்ல 'டிரான்ஸாக்‌ஷன் லாக்'ங்கிற நாள்வழியில பதிவாகும். 1 எம்.பி. அளவுள்ள குட்டிக் குட்டி ஃபைல்கள். அப்புறம்தான் இ.டி.பி.ங்கிற பெரிய டேட்டாபேஸ் ஃபைலுக்குப் போகும். அது பேரேடு.

கரன்ட் போன நொடியில நாள்வழியில எழுதியாச்சு, பேரேட்டுல ஏறலைன்னா? சர்வர் அந்த நிலைக்கு வெச்ச பேர் 'டர்ட்டி ஷட்டவுன்'. லாக் ஃபைல் எல்லாம் இருந்தா கவலையில்லை. அதை வரிசையாத் திரும்ப ஓட்டினா பேரேடு சரியாயிடும்.

பேரேடே எரிஞ்சுபோனா? நேத்து ராத்திரி எடுத்த பேக்கப்பைக் கொண்டுவந்து வெச்சு, அதுக்கப்புறம் எழுதின நாள்வழியை அது மேல ஓட்டணும். கரன்ட் போன நிமிஷம் வரைக்கும் மெயில் திரும்பக் கிடைக்கும். செம இல்ல?

இதுல ரெண்டு பள்ளம் இருக்கு. ஒண்ணு, டிஸ்க்ல இடம் மிச்சம் பிடிக்கிறேன்னு 'சர்க்குலர் லாகிங்'கை ஆன் பண்ணி வெச்சிருப்பாங்க. பேரேட்டுல ஏறின நாள்வழித் தாள்களைக் கிழிச்சுப் போடுற மாதிரி அது. அப்புறம் நேத்து ராத்திரிக்கு மேல வந்தது எதுவும் திரும்பாது. ரெண்டாவது, அவசரத்துல 'ரிப்பேர்' கட்டளையை அடிக்கிறது. அது படிக்க முடியாத பக்கங்களைத் தூக்கி எறிஞ்சுட்டு மிச்சத்தைத் தச்சுக் கொடுக்கும். எறிஞ்ச பக்கத்துலதான் முதலாளி கேட்ட மெயில் இருந்தா? அதனால ரிப்பேருக்கு முன்னாடி உடைஞ்ச ஃபைலை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கணும். பரிசோதனை எல்லாம் காப்பி மேலதான்!

ஒரே போட்டுல ரெண்டு வலை

"எங்ககிட்ட ரெய்டு இருக்கு, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே டேட்டா"ன்னு மார்தட்டுற ஆபீஸ்கள் நிறைய. ஒரு டிஸ்க் செத்தா இன்னொண்ணு காப்பாத்தும், உண்மைதான். ஆனா, தவறுதலா அழிச்சா ரெண்டுலயும் அழியும். வைரஸ் வந்தா ரெண்டுலயும் வரும். ஒரே போட்டுல ரெண்டு வலை ஏத்திட்டுப் போனா, ஒரு வலை கிழிஞ்சா இன்னொண்ணு உதவும். போட்டே கவிழ்ந்தா?

2019 பிப்ரவரி 11-ல வி.எஃப்.இமெயில்னு ஒரு அமெரிக்க மெயில் சேவைக்கு அதுதான் நடந்தது. 2001-லருந்து ஓடிக்கிட்டிருந்த சேவை. உள்ளே புகுந்த ஒருத்தன் பணம் கேட்கலை, மிரட்டலை. அங்கே இருந்த சர்வர்களோட டிஸ்க்குகளை வரிசையா ஃபார்மேட் பண்ணினான். பேக்கப் சர்வரும் அவன் கைக்கு எட்டினதால அதையும் விடலை. கிட்டத்தட்ட 20 வருஷ மெயில் ஒரே நாள்ல போச்சு.

இப்போ டெல்லிக்கு வாங்க. 2022 நவம்பர் 23-ல எய்ம்ஸ் மருத்துவமனை சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதல்ல முடங்குச்சு. நாள்கணக்குல எல்லாமே கையால எழுதுற நிலைமை. ஆனா, தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் தப்பிச்சிருந்தது. இ-ஹாஸ்பிட்டல் டேட்டாவை அதிலிருந்து எடுத்துப் புது சர்வர்கள்ல ஏத்தினாங்கன்னு மத்திய அரசு நாடாளுமன்றத்துல சொன்னது. ரெண்டு கதைக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். எதிரி கைக்கு எட்டுச்சா, எட்டலையா!

எடுத்துப் பார்த்தீங்களா?

பேக்கப் தனியா இருந்தா போதுமா? கிட்லேப் கம்பெனியோட கதையைக் கேளுங்க. 2017 ஜனவரி 31 ராத்திரி, ஒரு இன்ஜினீயர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சிட்டார். சுதாரிக்கிறதுக்குள்ள சுமார் 300 ஜி.பி. காலி. பரவாயில்லை, அஞ்சு வகையில பாதுகாப்பு ஏற்பாடு இருக்கேன்னு போய்ப் பார்த்தா, ஒண்ணுகூட நம்புற மாதிரி இல்லை! தினசரி பேக்கப் போக வேண்டிய இடம் வெறுமையா இருந்தது. 'பேக்கப் ஃபெயில் ஆயிடுச்சு'ன்னு எச்சரிக்கை மெயில்கள் கிளம்பியிருக்கு. ஆனா, அதுல முறையான கையொப்பம் இல்லைன்னு மெயில் சர்வரே அதை வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கு. எப்படிக் காமெடி! வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்னாடி எடுத்து வெச்ச ஒரு காப்பிதான் கடைசியில மானத்தைக் காப்பாத்துச்சு.

இந்தக் கதைகளோட சாரம் இதுதான்: எடுத்து வெச்சது பேக்கப் இல்லை, திரும்ப எடுத்துப் பார்த்ததுதான் பேக்கப். மாசத்துக்கு ஒரு தடவையாவது ஒரு பழைய கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி, ஏதாவது ஒரு மெயிலைத் திறந்து படிச்சுப் பாருங்க. லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலயே போட்டுப் பார்க்கணும். கடல்ல விழுந்த பிறகு சைஸ் பார்க்க முடியாது.

தாத்தா காட்டிய வழி

எல்லாமே போயிடுச்சுன்னு வைங்க. அப்பவும் ஒரு வழி பாக்கி. ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊரா அலைஞ்ச உ.வே.சாமிநாதையரை நினைச்சுக்கங்க. ஒரு சுவடியில செல்லரிச்ச வரியை இன்னொரு ஊர்ச் சுவடியிலிருந்து நிரப்பினார். 1894-ல அவர் பதிப்பிச்ச புறநானூற்றுல 267, 268-ம் பாட்டுகள் மட்டும் கிடைக்கவே இல்லை. நானூறுல மத்ததெல்லாம் நம்ம கைக்கு வந்ததுக்குக் காரணம், பல வீடுகள்ல பல பேர் தனித்தனியா காப்பி எழுதி வெச்சிருந்ததுதான்.

மெயிலுக்கும் எப்பவும் ரெண்டு முனை உண்டு. உங்க சர்வர் செத்தாலும், கொச்சி ஏஜென்ட்டோட 'சென்ட்' ஃபோல்டர் உயிரோட இருக்கும். கூச்சப்படாம கேட்டு வாங்குங்க. ஊழியர்களோட லேப்டாப்ல அவுட்லுக் சேமிச்ச ஓ.எஸ்.டி. ஃபைல் இருக்கலாம். நெட்டைத் துண்டிச்ச பிறகுதான் அவுட்லுக்கைத் திறக்கணும். இல்லைன்னா காலி சர்வரோட பேசி, தானும் காலியாகிடும்!

இந்த வாரமே செய்ங்க!

* 3-2-1 மந்திரம்: மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு வேற இடத்துல. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்தின ஃபார்முலா. ஃபோட்டோவுக்குச் சொன்னது, மெயிலுக்கும் பொருந்தும்.

* காலேஜ் கொடுத்த மெயில் ஐ.டி. ஆயுள் சந்தா இல்லை. கோர்ஸ் முடிஞ்ச பிறகு எத்தனை நாள் இருக்கும்னு ஆபீஸ்ல இப்பவே கேளுங்க. புராஜெக்ட், சான்றிதழ், ஆஃபர் லெட்டர் எல்லாத்தையும் இறக்கி வெச்சுக்கங்க. ஜிமெயில்னா 'கூகுள் டேக்அவுட்'ல மொத்தமா எடுக்கலாம்.

* ரெண்டு வருஷம் தொடாத தனிநபர் கூகுள் அக்கவுன்ட்டை அழிக்கிற நடைமுறை 2023 டிசம்பர்லருந்து இருக்கு. பழைய ஐ.டி.க்குள்ள ஒரு தடவை போயிட்டு வாங்க.

* வீட்டுல, கடையில யாராவது சொந்த மெயில் சர்வர் வெச்சிருந்தா பதிப்பு எதுன்னு பாருங்க. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ரெண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு.

* வளைகுடாவுல இருக்கிற அண்ணனோட விசா பேப்பர், வேலை ஒப்பந்தம் வீட்டுல ஒருத்தர் மெயில்ல மட்டும்தான் இருக்கா? இன்னிக்கே ஒரு பென் டிரைவ்ல போடுங்க. அப்படியே பென் டிரைவைக் கழட்டி பீரோவுல வைங்க. சொருகியே வெச்சிருந்தா அதுவும் அதே போட்டுலதான் இருக்கு!