ஸ்கூபா மூழ்குதலும் ஆஸ்துமாவும்

ஸ்கூபா மூழ்குதல் என்பது அழுத்தி அடைக்கப்பட்ட காற்றைச் சிலிண்டரில் சுமந்து சென்று, நீருக்கடியில் அதைச் சுவாசித்தபடி நீந்தும் முறையாகும். ஆஸ்துமா எனப்படும் ஈழை நோய் உள்ளவர்கள் இதில் ஈடுபடலாமா என்பது நீர்மூழ்கல் மருத்துவத்தில் நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வி. ஒருகாலத்தில் பல நாடுகளில் இதற்குக் 'கூடாது' என்ற ஒற்றை விடையே இருந்தது. இன்று நோயின் தன்மையையும் அப்போதைய நிலையையும் பொறுத்து விடை மாறுகிறது. நீருக்கடியில் இழுப்பு வந்துவிடுமே என்றுதான் பொதுவாக மக்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் மருத்துவர்களை அதைவிட அதிகமாகக் கவலைப்படுத்துவது, மேலே ஏறி வரும்போது நுரையீரலின் ஒரு மூலையில் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்ளும் காற்று.

அழுத்தமும் நுரையீரலும்

கடல்மட்டத்தில் உடலின் மீது 1 வளிமண்டல அழுத்தம் உள்ளது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே 10 மீட்டரில் அது 2 ஆகவும், 30 மீட்டரில் 4 ஆகவும் இருக்கும். மூழ்குபவர் வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர், அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. இதனால்தான் ஆழத்திலும் இயல்பாக மூச்சிழுக்க முடிகிறது.

சிக்கல் திரும்பி வரும் வழியில் உள்ளது. அழுத்தம் குறையும்போது வளிமத்தின் கனஅளவு அதே விகிதத்தில் பெருகும் என்பது பாயில் விதி. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் உள்ள 5 லிட்டர் காற்று, மேற்பரப்பில் 10 லிட்டராக விரியும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே ஏறினால் மிகுதிக் காற்று தானாக வெளியேறிவிடும். அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியலாம். "மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள்" என்பது ஸ்கூபா பயிற்சியின் முதல் பாடமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆழம் குறைந்த இடம் பாதுகாப்பானது என்று எண்ணுவதும் தவறு. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. கடைசிப் பத்து மீட்டரிலோ இரு மடங்காகிறது. நுரையீரல் நிறைய காற்றுடன் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால், ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழமே ஆபத்துக்குப் போதும். அதாவது நீச்சல்குளத்திலும் இது நிகழலாம்.

மன்னார் வளைகுடாவில் தலைமுறைகளாக முத்துக்குளித்தவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. அவர்கள் மேற்பரப்பில் இழுத்த மூச்சோடு இறங்கினர். அந்தக் காற்று ஆழத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பியது. ஸ்கூபா மூழ்குபவர் ஆழத்திலேயே அழுத்தமான காற்றை நுரையீரல் நிறைய இழுக்கிறார். வேறுபாடு முழுவதும் இதில்தான்.

நுரையீரல் கிழிந்தால் காற்று மார்புக்கூட்டுக்குள் புகுந்து நுரையீரலைச் சுருங்கச் செய்யலாம். கழுத்துத் தோலுக்கடியில் பரவலாம். எல்லாவற்றிலும் மோசமானது, குமிழிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தின் இடப்பக்கம் வழியாக மூளைத் தமனிகளை அடைப்பது. மேற்பரப்புக்கு வந்த சில நிமிடங்களுக்குள் பக்கவாதம் போன்ற அறிகுறிகளோ மயக்கமோ ஏற்படும். உடனடியாகத் தூய ஆக்சிஜன் அளித்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே இதற்கான சிகிச்சை.

ஆஸ்துமா ஏன் தனிச் சிக்கல்

ஆஸ்துமாவில் மூச்சுச் சிறுகுழாய்கள் வீங்கி, தசை இறுகி, சளி அடைத்துக் குறுகுகின்றன. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதே இந்நோயில் கடினம். ஆகவே விதிப்படி மூச்சை விட்டுக்கொண்டே ஏறினாலும், குறுகிய குழாய்க்குப் பின்னால் உள்ள காற்றறைகளில் காற்று தேங்கக்கூடும். மூழ்குபவர் தவறேதும் செய்யவில்லை. அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் அவர் மூச்சை அடக்கியது போலாகிவிடுகிறது.

மூழ்கும் சூழலும் இழுப்பைத் தூண்டும் காரணங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது போலுள்ளது. கம்பிரசரில் ஈரப்பதம் நீக்கப்பட்டதால் சிலிண்டர் காற்று மிகவும் வறண்டது; விரிவடையும்போது குளிர்கிறது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது கடும் உழைப்பு. பதற்றமும் சேரும். ரெகுலேட்டர் வழியாகக் கடல்நீர்த் துளிகள் உள்ளே போவதும் உண்டு. மூச்சுக்குழாய் எளிதில் இறுகுகிறதா என்று அறிய ஆய்வகங்களில் 4.5 விழுக்காட்டு உப்புநீர் ஆவியைச் சுவாசிக்கச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு உள்ளது. ஆக, கசியும் ரெகுலேட்டருடன் மூழ்குபவர் அந்தச் சோதனையையே கடலுக்கடியில் செய்துகொள்கிறார் எனலாம்.

இவற்றோடு காற்றின் அடர்த்தியும் உண்டு. 30 மீட்டரில் அது மேற்பரப்பில் உள்ளதைப் போல நான்கு மடங்கு. நலமான ஒருவரால்கூட அங்கே அதிகபட்சமாக மூச்சுவிடக்கூடிய அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஏற்கெனவே குறுகிய குழாய் உள்ளவருக்கு மிஞ்சுவது கொஞ்சமே. அங்கு இன்ஹேலரையும் பயன்படுத்த முடியாது.

தடையிலிருந்து மதிப்பீட்டுக்கு

முற்றான தடை பெரும்பாலும் கடற்படைகளின் விதிகளிலிருந்து வந்தது. கடற்படை வீரர் ஆணையிட்ட நேரத்தில் மூழ்கியாக வேண்டும். பொழுதுபோக்குக்காக மூழ்குபவர் உடல் சரியில்லாத நாளில் கரையிலேயே இருந்துவிடலாம். இந்த வேறுபாடு மெல்ல மெல்ல ஏற்கப்பட்டது. ஆஸ்துமா உள்ள பலர் அதை மறைத்தோ சொல்லியோ ஏற்கெனவே மூழ்கி வருகின்றனர் என்பதும் தெரியவந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு விபத்து நேரவில்லை என்பது உண்மையே. எனினும் கடும் ஆஸ்துமா உள்ளவர்கள் பொதுவாகக் கடலுக்கே போவதில்லை என்பதால், அந்த அனுபவத்தை எல்லோருக்கும் பொருத்த முடியாது.

பிரித்தானிய மார்புநோய் மருத்துவச் சங்கம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் இவ்வகையில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. அறிகுறிகள் இன்றி, ஸ்பைரோமெட்ரி எனப்படும் மூச்சுத்திறன் சோதனை இயல்பாக இருந்து, உடற்பயிற்சிக்குப் பின்னும் குழாய்கள் இறுகாதவர் மூழ்கலாம் என்கிறது அது. குளிர், உடலுழைப்பு, மன உணர்ச்சி ஆகியவற்றால் இழுப்பு வருபவர் மூழ்கக் கூடாது. மூழ்கும் காலத்தில் நாளுக்கு இருமுறை பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதிப் பார்க்க வேண்டும். தன் சிறந்த அளவைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, இழுப்பைத் தணிக்கும் மருந்து முந்தைய 48 மணி நேரத்தில் தேவைப்பட்டிருந்தாலோ அன்று மூழ்குதல் இல்லை. அன்றாடம் எடுக்கும் தடுப்பு மருந்து தடையாகக் கருதப்படுவதில்லை. நோய் கட்டுக்குள் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சிறுவயதில் இழுப்பு இருந்து, பல ஆண்டுகளாக ஒன்றும் இல்லாதவர்களே இக்கேள்வியுடன் மருத்துவரிடம் அதிகம் வரக்கூடியவர்கள். சோதனைகள் இயல்பாக இருந்தால் அவர்களுள் பலருக்கு அனுமதி கிடைக்கிறது.

பிற நோய்கள்

காரணமின்றித் தானாக நுரையீரல் சுருங்கிய வரலாறு உள்ளவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. வலிப்பு நோயில் விதி இன்னும் கடுமையானது. நிலத்தில் பிழைத்துக்கொள்ளும் வலிப்பு, நீருக்கடியில் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிடுவதால் மூழ்கி இறப்பதில் முடியும். பிரித்தானியாவில் மருந்தின்றி 5 ஆண்டுகள் வலிப்பு வராதிருந்தால் மட்டுமே கருத்தில் கொள்கின்றனர்.

நீரிழிவின் கதை ஆஸ்துமாவின் கதையை ஒத்தது. 2005இல் அமெரிக்காவில் உருவான ஒருமித்த வழிகாட்டுதலின்படி, நோய் கட்டுக்குள் உள்ளவர் மூழ்குவதற்கு 60 நிமிடம் முன்பும், 30 நிமிடம் முன்பும், இறங்கும் தறுவாயிலும் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். அது டெசிலிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் குறையாமல், நிலையாகவோ ஏறுமுகமாகவோ இருக்க வேண்டும். 300க்கு மேல் இருந்தால் இறங்கக் கூடாது. நிலத்தில் சற்றுக் கூடுதல் எனக் கருதப்படும் அளவு இங்கே விரும்பப்படுவதற்குக் காரணம், சர்க்கரை தாழ்ந்து மயங்குவதே நீருக்கடியில் பெரிய ஆபத்து என்பதுதான்.

இதயத்தின் மேலறைகளுக்கிடையே பிறப்புக்கு முன் இருக்கும் திறப்பு, பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முழுமையாக மூடாதிருக்கிறது. பெரும்பாலோருக்கு இது தெரியவே தெரியாது. நுரையீரல் வடிகட்ட வேண்டிய நைட்ரஜன் குமிழிகள் இதன் வழியே குறுக்குப்பாதையில் மூளைக்குச் செல்லக்கூடும். கருவுற்றிருக்கும் காலத்தில் மூழ்குவது தவிர்க்கப்படுகிறது. சளியும் மூக்கடைப்பும் அற்பமாகத் தோன்றினாலும், நடுச்செவியின் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமல் செவிப்பறை கிழியக் காரணமாகின்றன.

மருத்துவப் படிவம்

பயிற்சி தொடங்குமுன் ஒவ்வொருவரும் 'ஆம், இல்லை' வினாக்கள் கொண்ட மருத்துவப் படிவத்தை நிரப்ப வேண்டும். சில வினாக்களுக்கு 'ஆம்' என்றாலே மருத்துவரின் கையொப்பம் தேவை. அந்தமானிலோ புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ விடுமுறையின் இரண்டாம் நாளில் இப்படிவத்தைக் கையில் வாங்குபவருக்கு, மருத்துவரைத் தேடி அலைவதைவிட 'இல்லை' என்று எழுதிவிடுவது எளிது. பயிற்றுநர் அந்த விடையை நம்பியே ஆழத்தையும் துணையையும் முடிவு செய்கிறார். ஆகவே பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே நுரையீரல் மருத்துவரிடம் சோதனைகளை முடித்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. பெற்ற சான்றிதழும் நிலையானதன்று. ஒரு நெஞ்சுச்சளி வந்தால் நிலைமை மாறிவிடும். அன்று காலை பீக் ஃப்ளோ குறைந்து, படகில் ஏறாமல் நின்றவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிலையங்களும் உண்டு, தராதவையும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளலாம்.