கை நழுவாத சோப்பு... அம்மாவுக்காகப் பின்னிய சின்னப் பை!

பாத்ரூமுக்குள் 'டப்'பென்று சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஓடுவோம். பெரும்பாலும் விழுந்தது சோப்பாகத்தான் இருக்கும். அதை எடுக்க அம்மா குனிந்துவிடக் கூடாதே என்பதுதான் பயம்.

அம்மாவுக்கு 74 வயது. மூட்டுவாதத்தால் வலது கை விரல்கள் முன்போல மடங்குவதில்லை. தோசைக் கரண்டியைப் பிடித்துவிடுவார். ஈரச் சோப்பைப் பிடிக்க முடியாது. ஒருநாள் கீழே விழுந்த சோப்பை எடுக்கப் போய், கால் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பினார். அன்றிலிருந்து நானே கூட நின்று சோப்பு போட்டுவிட ஆரம்பித்தேன். "உனக்கு ஆபீஸுக்கு நேரமாகுதும்மா" என்று தினமும் சொல்வார். தன் குளியலுக்கு இன்னொருவர் வேண்டியிருக்கிறதே என்ற வருத்தத்தைத்தான் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின.

தீர்வு பரணில் இருந்தது. என் மகன் பிறந்தபோது அம்மா குல்லா பின்னிய அதே இரண்டு ஊசிகள்! அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணி எண்ணிச் சொல்ல, நான் பின்னினேன். இரண்டு மாலைகளில் சோப்புக்கு ஒரு பை தயார்.

பின்னல் ஏன் பிடி கொடுக்கிறது?

நெய்த துணியில் நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். பின்னலில் ஒரே நூல், வளையத்துக்குள் வளையமாகக் கோத்துக்கொண்டே போகும். அதனால்தான் பனியன் துணி இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்குகிறது. திருப்பூரில் இயந்திரம் செய்யும் அந்த வேலையைத்தான் நம் இரண்டு ஊசிகளும் நிதானமாகச் செய்கின்றன. சோப்பு தேயத் தேய, பையும் ஓரளவு சுருங்கி அதை ஒட்டியே நிற்கும். மேலே இருக்கும் மேடு பள்ளங்கள் விரல்களுக்குப் பிடி கொடுக்கும். இடைவெளிகள் வழியே நுரையும் நன்றாக வரும்.

எந்த நூல் வாங்குவது?

பருத்தி நூல்தான் சரி. ஈரமானால் பருத்தி இழையின் வலிமை கூடும். தண்ணீரிலேயே புழங்கும் பொருளுக்கு அது பெரிய வசதி. ஆட்டு ரோமக் கம்பளி நூல், சோப்பும் வெந்நீரும் பட்டு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக் கெட்டியாகிவிடும். கடைகளில் 'உல்லன்' என்று கேட்டால் கிடைப்பது பல நேரங்களில் அக்ரிலிக். அதுவும் ஒரு பிளாஸ்டிக் இழைதான். துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உதிர்ந்து தண்ணீரில் கலக்கும். எனவே, லேபிளில் 'காட்டன்' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

தேவையானவை

* நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூல் - 50 கிராம் உருண்டை ஒன்று
* 4 மி.மீ. பின்னல் ஊசி - ஒரு ஜோடி
* பெரிய காதுள்ள தையல் ஊசி, கத்தரிக்கோல், அளவு டேப்

பின்னும் முறை (100 கிராம் சோப்புக்கு)

1. ஊசியில் 20 கண்ணிகள் ஏற்றுங்கள். அகலம் சுமார் 10 செ.மீ. வரும்.

2. எல்லா வரிசைகளையும் ஒரே மாதிரி நேர்ப் பின்னலாகப் போடுங்கள். திருப்பிப் பின்னும் வேலையே கிடையாது என்பதால், முதல் முறை ஊசி பிடிப்பவர்களுக்கும் எளிது.

3. நான்கு வரிசை முடிந்ததும் கயிறு கோக்க ஓட்டை விட வேண்டும். முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னுங்கள். பிறகு, நூலை ஊசியின் மேல் ஒரு சுற்று சுற்றி, அடுத்த இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். இப்படியே ஒன்பது முறை. கடைசிக் கண்ணி சாதாரணம். மொத்தம் 20 கண்ணிகள் மாறாமல் இருக்கும்.

4. தொடர்ந்து 25 செ.மீ. நீளம் வரை பின்னி, இன்னொரு ஓட்டை வரிசை போடுங்கள். மேலும் நான்கு வரிசை பின்னிக் கண்ணிகளை முடித்துவிடுங்கள்.

5. பட்டையைச் சரிபாதியாக மடித்து, இரு பக்கங்களையும் அதே நூலால் தைத்தால் பை. மூன்று இழைகளைச் சடைபோலப் பின்னி, ஓட்டைகளில் கோத்து முடிச்சுப் போட்டால் சுருக்குக் கயிறும் தயார்.

பை கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது. தளர்ந்தால் சோப்பு உள்ளே உருண்டு, பிடி கிடைக்காது. குரோஷா தெரிந்தவர்கள் இதே அளவில் குரோஷாவிலும் போடலாம்.

சோப்பும் மிச்சம்

சோப்புப் பெட்டியில் தேங்கும் தண்ணீரை உறிஞ்சித்தான் சோப்பின் அடிப்பக்கம் கூழாகிறது. பையோடு தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து, காற்றுப் பட்டு உலரும். அதனால் கரைந்து வீணாவது குறையும். தேய்ந்து, கைக்கு அகப்படாத சில்லுகளையும் இதே பையில் சேர்த்துப் போட்டுக் கடைசி வரை பயன்படுத்தலாம்.

இவற்றைக் கவனியுங்கள்

* ஒருவருக்கு ஒரு பை. ஈரப் பையைப் பலர் பகிர வேண்டாம்.
* குளித்ததும் அலசிப் பிழிந்து, தண்ணீர் தெறிக்காத இடத்தில் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். இரண்டு பைகள் இருந்தால் மாற்றிக்கொள்ள வசதி. வாடை வந்தாலோ, கரும்புள்ளி விழுந்தாலோ தூக்கிப் போட்டுவிடலாம்.
* புண், வெடிப்பு, தோல் தொற்று உள்ள இடத்தில் தேய்க்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் பாதத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. கையில் நுரை எடுத்துப் பூசினால் போதும்.
* கயிற்றின் வளையம் கை நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். நீளக் கயிறு, சிறு குழந்தைகளின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.
* சோப்பு விழாது என்பதற்காகத் தரை வழுக்காமல் போகாது. முதியவர்கள் குளிக்கும் இடத்தில் சுவர்க் கைப்பிடியும், வழுக்காத விரிப்பும், உட்கார ஆடாத ஸ்டூலும் அவசியம். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் சோப்புப் பைக்கு ஒரு கொக்கி அடித்துவிடுங்கள்.

எங்கள் பாத்ரூம் கதவு இப்போது பழையபடி சாத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் மட்டும் போடக் கூடாது என்பது எனக்கும் அம்மாவுக்குமான ஒப்பந்தம். கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறார். பை கை தவறினாலும் தரைக்குப் போவதில்லை. முதுகுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

போன வாரம், எதிர்வீட்டுப் பாட்டிக்கும் ஒன்று வேண்டும் என்றார். "நீ பின்னு, நான் கண்ணி எண்ணிச் சொல்றேன்" என்று சாய்வு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.