உஷார்! நாலு பாடத்திட்டத்தைக் கலக்காதீர்கள், குழந்தை தடுமாறும்

ஐந்தாறு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறீர்களா? இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள். ஆங்கில வாசிப்புக்கு பிரிட்டனின் ஜாலி ஃபோனிக்ஸ் இருக்கும், போதாதென்று அமெரிக்காவின் ஸ்பால்டிங் முறையும் இருக்கும். கணக்குக்கு சிங்கப்பூர் மேத்ஸ், பயிற்சிக்கு சாக்ஸன். இடையில் வாட்ஸப் குழுவில் யாரோ அனுப்பி, நீங்கள் பிரின்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து வைத்த கட்டு ஒன்று. எல்லாமே நல்ல புத்தகங்கள்தான், அதனால்தான் பயமாக இருக்கிறது. தனித்தனியாக நல்லவை என்பதால் சேர்த்துக் கொடுத்தாலும் நல்லதே நடக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஒரு டாக்டர் எழுதிய மாத்திரையோடு, அவருக்குத் தெரியாமல் இன்னொரு டாக்டர் எழுதியதையும் சேர்த்து விழுங்குவது போன்ற காரியம் இது.

ஒரு பாடத்திட்டத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அதன் வரிசையைத்தான். எதை முதலில் சொல்வது, எதை இப்போதைக்குச் சொல்லாமல் வைப்பது, சொன்னதை எத்தனை நாள் கழித்துத் திரும்பக் கேட்பது என்று அதை எழுதியவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த வரிசையை விட்டுவிட்டு, பிடித்த பக்கங்களை மட்டும் உருவி எடுத்தால் கையில் மிஞ்சுவது வெறும் தாள்.

வாசிப்பில்தான் சேதம் அதிகம். ஜாலி ஃபோனிக்ஸ் ஏ, பி, சி, டி என்று தொடங்காது. எஸ், ஏ, டீ, ஐ, பீ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் சொல்லித்தரும். இந்த ஆறு தெரிந்ததுமே ‘பின்’, ‘டின்’, ‘டிப்’ என்று குழந்தை தானே கூட்டி வாசித்துவிடலாம் என்பதுதான் கணக்கு. அதில் தொடக்கத்தில் ஓர் எழுத்துக்கு ஓர் ஒலிதான். மற்ற ஒலிகளும் எழுத்தின் பெயரும் பிறகுதான் வரும். ரோமால்டா ஸ்பால்டிங் 1957-இல் புத்தகமாக வெளியிட்ட முறையோ நேர் எதிர்த் திசையில் போகிறது. அதில் 70 ஒலிக்குறிகள் உண்டு. ஓர் எழுத்துக்கு எத்தனை ஒலி இருக்கிறதோ அத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். ‘ஏ’ என்ற எழுத்துக்கு மட்டும் மூன்று ஒலிகள். எந்த இடத்தில் எது வரும் என்பதற்கான விதிகளைப் பின்னாலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இரண்டுமே வேலை செய்யும், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால். காலையில் இது, மாலையில் அது என்று நடத்தினால் குழந்தைக்கு மூன்று ஒலிகளும் வந்து சேரும், எதை எங்கே பயன்படுத்துவது என்ற விதி வந்து சேராது. ‘ஏ’ வந்தவுடன் ஆப்பிளில் வருகிற ஒலியா, கேக்கில் வருகிற ஒலியா, ஃபாதரில் வருகிற ஒலியா என்று நம் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையைக் கவனியுங்கள். எழுத்தை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தில் விடை தேடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து, கதைப் புத்தகம். ஒலி வழியாகச் சொல்லித்தரும் பாடத்திட்டங்களில் சிறு வாசிப்புப் புத்தகங்கள் கூடவே வரும். அதுவரை படித்த ஒலிகள் மட்டுமே அவற்றில் இருக்கும். அந்தப் புத்தகம் விலை அதிகம் என்று ஒரு திட்டத்தின் பாடத்துக்கு இன்னொரு திட்டத்தின் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? பக்கத்தில் நாய்க்குட்டிப் படம். கீழே ‘பப்’ என்று மூன்றே எழுத்து. குழந்தை ‘டாக்’ என்று உற்சாகமாகச் சொல்லும், நாமும் கைதட்டுவோம். அது எழுத்தைப் பார்க்கவே இல்லை. படமில்லாத புத்தகம் கைக்கு வருகிற வயதில்தான் இது வெளியே தெரியும், அதற்குள் ஊகித்துச் சொல்வது பழக்கமாகவே ஊறிப்போயிருக்கும். எட்வர்ட் டால்ச் 1936-இல் வெளியிட்ட, அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலை வைத்து 220 சொற்களையும் அட்டையில் எழுதி, உருவத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே, ஒலி முறையில் படிக்கும் குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சொற்களில் பெரும்பகுதியைக் கூட்டியே வாசித்துவிடலாம்.

கையெழுத்திலும் இதே கதைதான். மாண்டிசோரியின் உப்புத்தாள் எழுத்துகள் சின்ன எழுத்தில் தொடங்கும், ‘ஹேண்ட்ரைட்டிங் விதவுட் டியர்ஸ்’ பெரிய எழுத்தில் தொடங்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், போதும்.

கணக்குக்கு வருவோம். சிங்கப்பூர் புத்தகத்தில் குழந்தை முதலில் பொருளைத் தொடும், பிறகு படம் பார்க்கும், கடைசியில்தான் எண். எட்டும் ஐந்தும் கூட்ட வேண்டுமென்றால் ஐந்தை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்து, எட்டோடு இரண்டைச் சேர்த்துப் பத்தாக்கி, மிச்சம் மூன்றைச் சேர்க்கச் சொல்லும். சாக்ஸன் போடுவது வேறு வழி. ஒரு நாளைக்கு ஒரு சின்ன அடி புதிது, மற்றதெல்லாம் பழையதைத் திரும்பத் திரும்பச் செய்வது. ‘ஒரே மாதிரி கணக்கு எத்தனை முறை?’ என்று அந்தத் திருப்புதல் பக்கங்களைத் தாண்டிப் போகிற பெற்றோர் ஏராளம். அந்தத் திட்டத்தின் உயிரே அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. மேத்-யு-சீ என்றொரு திட்டம் உண்டு. அதில் காமா என்கிற நிலை முழுக்கப் பெருக்கல், டெல்டா முழுக்க வகுத்தல், அதற்குப் பிறகு எப்சிலானில்தான் பின்னம். பெருக்கலை முடித்த கையோடு ‘போரடிக்கிறது’ என்று வேறு நான்காம் வகுப்புப் புத்தகத்துக்குத் தாவினால், அங்கே பின்னம் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துப் பாடம் நடக்கும். குழந்தையோ அதைப் படித்ததே இல்லை. ‘என் பிள்ளைக்குக் கணக்கு வரலை’ என்று சொல்லும் முன், அந்தப் பாடம் பிள்ளைக்கு நடத்தப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

மாற்றியே ஆக வேண்டிய பக்கங்களும் உண்டு. அமெரிக்கப் புத்தகத்தில் பத்து சென்ட் நாணயம் ஐந்து சென்ட் நாணயத்தைவிடச் சின்னதாக இருக்கும். அந்த நாணயங்களைக் கண்ணால் பார்த்திராத மதுரைக் குழந்தைக்கு அந்தப் பாடம் எதற்கு? அதைக் கிழித்து வைத்துவிட்டு ரூபாயையும் சில்லறையையும் மேசையில் கொட்டுங்கள். அங்குலம், அவுன்ஸ், பாரன்ஹீட்டும் அப்படியே. பெரிய எண்கள் வரும்போது 1,00,000 என்று நம் ஊர்க் காற்புள்ளி எங்கே விழுகிறது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு அபாயம் நேரம். ஒவ்வொரு பதிப்பாளரும் தன் புத்தகம் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது என்று நினைத்து எழுதுகிறார். ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் ஆறு புத்தகத்துக்கு இரண்டு மணி நேரம், ஐந்து வயதுக்கு! பலரும் மேற்கோள் காட்டுகிற கல்வியாளர் சார்லட் மேசனே ஆறு வயதுவரை முறையான பாடமே வேண்டாம் என்றவர். அவர் பெயர் போட்ட கதைப் பட்டியலை எடுத்துக்கொள்கிறோம், இதை மட்டும் விட்டுவிடுகிறோம். இந்த நெரிசலில் முதலில் நசுங்குவது தமிழ். பாட்டி ஓய்வாக இருக்கும் பத்து நிமிடத்துக்கு அதைத் தள்ளிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்துக்கும் ஒலிக்கும் ஆங்கிலத்தில் உள்ள அளவு குழப்பம் தமிழில் இல்லை. வாசிப்பை அதிலிருந்து தொடங்கினால் குழந்தைக்கு நம்பிக்கை சீக்கிரம் வரும்.

பள்ளியில் ஒரு விடுபடல் இருந்தால் தேர்வில் தெரிந்துவிடும். வீட்டில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? தேசிய திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி என்று மூன்று நிலைகள் இருக்கின்றன, முறையே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்குச் சமம். அந்தத் தேர்வுகளையும் எழுதாமல் நேரே பத்தாம் வகுப்புக்குப் போனால் அதற்கு 14 வயது ஆக வேண்டும். ஆறு வயதில் விழுந்த ஓட்டை அதுவரை மூடியே கிடக்கும்.

ஆகவே வாசிப்புக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, அவ்வளவுதான். எடுத்த நிலையை முடிக்காமல் மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதின் பொருளடக்கத்தையும் புதியதின் பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். பல பதிப்பாளர்கள் நிலையறியும் தேர்வை இலவசமாகவே தருகிறார்கள், அதைக் குழந்தைக்கு வைத்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். அட்டையில் போட்டிருக்கும் வகுப்பு எண்ணை நம்பாதீர்கள். வரலாறு, அறிவியல், கதை, ஓவியம் எல்லாம் உங்கள் விருப்பம்போல் கலக்கலாம். மகாபாரதக் கதையையும் டைனோசரையும் ஒரே வாரத்தில் படித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஒரே வாசிப்புத் திட்டத்தை மாதக்கணக்கில் சிதைக்காமல் நடத்தியும் குழந்தை எழுத்துகளைக் கூட்ட முடியாமல் திணறினால், புத்தகத்தை மாற்றிப் பார்க்காதீர்கள். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கலாக இருக்கலாம், கண்ணிலோ காதிலோ கோளாறாக இருக்கலாம். நாலு திட்டத்தைக் கலந்து நடத்தும் வீட்டில் இந்தச் சந்தேகம் வரவே வராது, குழப்பம் அதை மறைத்துவிடும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அடுத்ததாக ஒரு சிறப்புக் கல்வியாளரைப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. போகும்போது எந்தப் புத்தகத்தை எந்த மாதம் தொடங்கினீர்கள், எந்தப் பாடத்தில் நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.