அழுகினதை எறியாதேங்கோ, அது என்ர உயிர்



போன எபிசோட்டில 'டோண்ட் ஸ்டார்வ் டுகெதர்' பற்றிக் கதைக்கேக்க, "நான் எப்பவும் வேர்ம்வூட் தான்" என்று சொல்லிப்போட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டன். ஏன் அந்தச் செடிப் பெடியன் என்றதை இங்க எழுதுறன்.

விளையாடாத ஆக்களுக்குச் சுருக்கமா: வான்கூவரில் இருக்கிற கிளெய் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கேம் இது. நண்பர்களோட சேர்ந்து ஒரு காட்டில் உயிர் தப்ப வேண்டும். பசி, ஹெல்த், மனநிலை மூன்றையும் கவனிக்க வேண்டும். கேமில் ஒரு நாள் எங்கட 8 நிமிஷம். வழமையான செட்டிங்கில் 21ஆம் நாள் குளிர்காலம் தொடங்கும்.

வேர்ம்வூட்டுக்குத் தோட்டப் பாத்தி தேவையில்லை. கையில் விதை இருந்தால் வெறும் நிலத்திலேயே நடலாம். நட்டால் மனநிலையும் கூடும். இதைப் பார்த்திட்டு எல்லாரும் "சுகமான கேரக்டர்" என்று நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் தரம் மூன்று பேராக விளையாடினோம். நிறைய நட்டேன், நிறையச் சமைத்தேன். ஒரு நண்பன் பெட்டிகளை அடுக்கி, அழுகிக் கிடந்த சாப்பாடு எல்லாத்தையும் நெருப்பில் போட்டான். அவனில் பிழையில்லை, அது உண்மையிலேயே குப்பை மாதிரித்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேட்டை நாய்கள் வந்தன. தப்பினதும் நான் பியரோகி சாப்பிட்டேன். மற்ற ஆக்களுக்கு அது 40 ஹெல்த் தரும். எனக்கு ஒன்றுமே ஏறவில்லை. அடுத்த கடியில் முடிந்தது.

வேர்ம்வூட்டுக்குச் சாப்பாடு பசியைத்தான் ஆற்றும், காயத்தை ஆற்றாது. காயத்துக்கு அவனுக்குத் தேவை பசளை: எரு, கூட்டெரு, அழுகின சாப்பாடு. மற்றவர்கள் எறிகிற சாமான்தான் அவன்ர மருந்துப் பெட்டி. இது விளங்கின பிறகு நான் தோட்டம் செய்கிற முறையே மாறிப்போச்சு.

இப்ப விளைச்சலை மூன்றாகப் பிரிக்கிறேன். ஒரு பங்கு சமையலுக்கு. ஒரு பங்கு கூட்டில் இருக்கிற குருவிக்கு, ஏனென்றால் காய்கறியைக் கொடுத்தால் அதே இன விதையைத் திருப்பித் தரும். மூன்றாவது பங்கை ஐஸ் பெட்டியில் வைக்காமல், ஒரு சாதாரணப் பெட்டியில் அழுக விடுகிறேன். 21ஆம் நாளுக்கு முதல் 40 அழுகல், ஒரு முழு ஸ்டாக், சேர்ந்திருக்க வேண்டும் என்றது என்ர கணக்கு. அழுகல் ஹெல்த்தை மெல்ல மெல்லத்தான் ஏற்றும். அதனால் சண்டை தொடங்க முதலே பூசிக்கொள்ள வேண்டும், அடி வாங்கிக்கொண்டு நின்று பூச நேரம் இருக்காது. இன்னும் பலமான மருந்து வேண்டுமென்றால் 5 எரு, 2 அழுகல், 1 நைட்டர் சேர்த்து 'கொம்போஸ்ட் ராப்' செய்யலாம். எருவுக்கு பீஃபலோ மாட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போனால் சரி.

உண்மையான தலையிடி பெரிய தோட்டம் போடும்போதுதான் வரும். பாத்தி மண்ணில் மூன்று வகைச் சத்து இருக்கு. ஒவ்வொரு பயிரும் சிலதை எடுக்கும், மற்றதைத் திருப்பிக் கொடுக்கும். ஒரே பயிரையே நட்டுக்கொண்டு போனால் மண் களைத்துவிடும், உங்கட பசளை எல்லாம் அங்கேயே போய்விடும். ஒருவர் எடுக்கிறதை மற்றவர் நிரப்புகிற மாதிரிப் பயிர்களைச் சேர்த்து நட்டால் மண்ணுக்குப் பசளை அவ்வளவு தேவைப்படாது. மிச்சம் உங்கட உடம்புக்கு. ஒரு இனத்தில் குறைந்தது நாலாவது பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பயிருக்கும் சொந்தக்காரர் வேண்டும்!

வசந்தத்தில், வழமையான செட்டிங்கில் 36ஆம் நாளிலிருந்து, வேர்ம்வூட் பூக்கத் தொடங்குவான். முழுக்கப் பூத்தால் நடை 20 சதவீதம் வேகம், பக்கத்துப் பயிர்களையும் தானாகவே கவனிப்பான். ஆனால் பசியும் கெதியா வரும். பெரிய அறுவடைக்குத் திட்டம் போடுகிறதென்றால் அந்த நாட்களுக்குப் போடுங்கோ.

இன்னும் ஒன்று: பக்கத்தில் யாராவது மரம் வெட்டினாலும் அவன்ர மனநிலை இறங்கும். நெருப்பும் மற்றவர்களை விட அவனைக் கூடச் சுடும். அதனால் விறகு வேலையைத் தோட்டத்துக்குத் தூரத்தில் செய்யச் சொல்லுங்கோ.

இதில் பாதி வேலை விளையாட்டுக்குள் இல்லை, வொய்ஸ் சாட்டில்தான் இருக்கு. வேர்ம்வூட் எடுக்கிற ஆள் தனக்கு என்ன தேவை என்று முதல் நாளே வாய் திறந்து சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை, செத்தேன். இப்ப எங்கட கேம்பில் ஒரு பெட்டிக்கு மேல் பலகை அடித்து எழுதி வைத்திருக்கிறோம்: "குப்பை இல்லை. மருந்து."

அந்த நண்பன்தான் எழுதினவன்.