பனிக்குள் ஒரு கதகதப்பு

1975 செப்டம்பர் 24 மாலை. டக் ஸ்காட், டூகல் ஹேஸ்டன் என்னும் இரு பிரிட்டிஷ் வீரர்கள் எவரெஸ்ட் சிகரத்தை எட்டினார்கள். முகாமுக்குத் திரும்புமுன் இருட்டிவிட்டது. சுமார் 8,750 மீட்டர் உயரத்தில் அகப்பட்டுக்கொண்டனர். படுக்கைப் பை இல்லை, ஆக்சிஜனும் தீர்ந்துபோயிற்று. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெண்பனியைக் குடைந்து அதற்குள் புகுந்துகொண்டார்கள். மறுநாள் ஒரு விரலைக்கூடக் குளிருக்குப் பலிகொடுக்காமல் இறங்கி வந்தார்கள்.

குளிருக்குப் பயந்து பனிக்குள்ளேயே புகுவதா? வியப்பாக இருக்கிறதல்லவா?

புதிதாக விழுந்த வெண்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். துகள்களுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மரத்தூள் வெளிவெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. இங்கே பனி நம் உடல் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி குளிர் இருந்தாலும், பனிக்குகைக்குள் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியே இருக்கும். காற்றும் உள்ளே வீசாது.

கடும் பனி பெய்து ஓய்ந்தபின், பனிநாட்டு மக்கள் இத்தகைய குகையை விளையாட்டாகவே கட்டுகிறார்கள். வட கனடாவின் பழங்குடியினர் மொழியிலிருந்து இதற்கு 'குவின்சி' என்ற பெயர் வந்தது. சமதரையில் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பனியை மண்வெட்டியால் அள்ளிக் குவிக்க வேண்டும். பிறகு ஓரிரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். அள்ளும்போது நொறுங்கிய துகள்கள், ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன, குவியல் இறுகுகிறது. 30 சென்டிமீட்டர் நீளக் குச்சிகளை வெளியிலிருந்து முழுவதுமாகச் செருகிவிட்டு, உட்புறம் குடைய வேண்டும். குச்சி முனை தெரிந்ததும் நிறுத்தினால், சுவரின் கனம் எங்கும் ஒன்றாக இருக்கும். வாசல், படுக்கும் மேடையைவிடத் தாழ்வாக இருக்கட்டும். கனமான குளிர்காற்று கீழே தங்கும். வெப்பக் காற்று மேலே நிற்கும். கூரையில் காற்றுத்துளை கட்டாயம் வேண்டும். இல்லையேல் மூச்சுக்காற்றே நஞ்சாகும். உள்ளே அடுப்பு மூட்டுவது இன்னும் ஆபத்து. குடையும்போது கூரை சரியலாம். ஆகவே ஒருவர் மண்வெட்டியுடன் வெளியே நிற்க வேண்டும்.

இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 30 முதல் 45 டிகிரி வரை சரிந்த மலைச்சரிவில், புதுப்பனி பழைய அடுக்கோடு இன்னும் நன்கு ஒட்டியிராது. பனி பெய்யும்போதும், பெய்து ஓய்ந்த ஓரிரு நாட்களுக்கும் அது பெயர்ந்து விழும் அபாயம் மிகுதி. 2022 அக்டோபரில் உத்தரகண்டின் திரௌபதி கா தண்டா மலையில் ஏற்பட்ட பனிச்சரிவில், மலையேற்றப் பயிற்சிக்கு வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பனி சரியும்போதும் துகள்கள் நொறுங்குகின்றன; ஓட்டம் நின்றதும் ஒட்டி இறுகுகின்றன. அதனால் புதையுண்டவரால் கையைக்கூட அசைக்க முடிவதில்லை. வீட்டுச் சுவரை எழுப்பிய அதே இயல்புதான் இங்கே ஆளைச் சிறை வைக்கிறது.

பனிமலைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், வெண்பனியில் ஆசைதீர விளையாடுங்கள். ஆனால் மண்வெட்டியை எடுக்குமுன், தலைக்கு மேலிருக்கும் சரிவை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.