மரம் விழுங்கிய ஆணிக்கு யார் பொறுப்பு?

அம்பத்தூர் தொழிற்பேட்டை, சி.டி.எச். சாலை, ஆவடி–பூந்தமல்லி சாலை என்று சென்னையின் மேற்குப் புறநகரில் எந்தப் பக்கம் போனாலும், சாலையோர மரங்களில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தகர போர்டுகளைப் பார்க்கலாம். பி.ஜி. விடுதி, டியூஷன், மனை விற்பனை, உடனடிக் கடன். ஒரு மழைக்காலம் போனால் போர்டு கிழிந்து விழுந்துவிடும், ஆணி விழாது. மரம் பருக்கும்போது பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்திசு வெளிப்பக்கமாகப் புது மரத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே நிற்க, அதைச் சுற்றி மரம் ஏறி மூடிவிடுகிறது. சில ஆண்டுகளில் பட்டையில் ஒரு சுருக்கமோ வீக்கமோ மட்டும்தான் தெரியும். தண்டைச் சுற்றிக் கட்டிய கேபிள் ஒயர், காலிமனைக்கு வேலி போட அடித்த முள்கம்பி, கன்று நட்டபோது வைத்து அப்படியே மறந்துபோன இரும்புக் கூண்டு எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

மரத்துக்குள்ளிருந்து பொருள் கிடைத்தால் உலகம் அதை வேடிக்கையாகத்தான் பார்க்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1980-ல் வெட்டிய ஒரு மரத்தின் பொந்துக்குள் உலர்ந்து பதப்பட்டிருந்த நாயின் உடல் கிடைத்தது. இன்றும் அது அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் நம் சாலையோர மரங்களுக்குள் இருப்பது வேடிக்கைப் பொருள் அல்ல. ஒருவர் செய்த தவறு பல ஆண்டுகள் மறைந்திருந்து, அதில் துளியும் சம்பந்தமில்லாத இன்னொருவர் மேல் விழுகிறது என்பதுதான் இதன் சாரம். அந்த இன்னொருவர் மரம் அறுக்கும் தொழிலாளி. செயின் சாவின் சங்கிலி வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் இரும்பில் பட்டால் பல் மழுங்கும், சங்கிலி அறுந்து தெறிக்கலாம், இயந்திரமே பின்னால் எகிறி ஆளைத் தாக்கலாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, அவற்றைத் துண்டு போட்டு வழி திறந்தவர்கள் கொட்டிக் கிடந்த கிளைகளுக்கு நடுவே அவசர அவசரமாக வேலை செய்தவர்கள். எந்தத் தண்டில் இரும்பு இருக்கிறது என்று தட்டிப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? மரவாடிக்குப் போன பிறகும் ஆபத்து தீர்வதில்லை. 1987-ல் கலிபோர்னியாவின் குளோவர்டேல் நகரில் ஓர் அறுவை ஆலையில், மரத்துக்குள் இருந்த பெரிய ஆணியில் பட்டுப் பட்டை ரம்பம் உடைந்தது. அங்கே வேலை செய்த இளைஞர் முகம் சிதைந்து, சாவின் விளிம்பு வரை போய் மீண்டார்.

ஓர் ஆணியால் மரம் செத்துவிடுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் சாகாது; அதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. ஆனால் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ விளக்கியதுபோல, மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, சுவர் எழுப்பி அடைத்து வைக்கிறது. ஒரே தண்டில் பத்துப் போர்டு, ஆண்டுதோறும் புது ஆணி என்றால் அத்தனை வாசல் வழியாகவும் பூஞ்சையும் நீரும் உள்ளே போகும். சுற்றிக் கட்டிய கம்பி இன்னும் கொடியது. இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்கும் பாதை பட்டையில்தான் இருக்கிறது. கம்பி அதையே நெரிக்கிறது. திருவிழாவுக்கும் கடைத் திறப்புக்கும் சுற்றிய சீரியல் விளக்கு ஒயர் மழையில் நனைந்து கசிந்தால், மரத்தைத் தொடுகிறவருக்கே மின்சாரம் பாயலாம்.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. பொது இடத்தில் அனுமதியின்றி விளம்பரம் ஒட்டி உருக்குலைப்பதைத் தடுக்க 1959 முதலே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. மரங்களில் விளம்பரம் அடிப்பவர்களுக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்று 2019-ல் சென்னை மாநகராட்சி எச்சரித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லி மரங்களிலிருந்து பலகைகளையும் ஒயர்களையும் அகற்றவும், அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை எடுக்கவும் உத்தரவிட்டது. பிறகும் ஏன் நடக்கிறது? ஆணி அடிப்பவருக்குத் தண்டனை வரும் என்ற பயம் இல்லை, பார்ப்பவருக்கு இது குற்றம் என்ற எண்ணம் இல்லை. இத்தனைக்கும் இதைவிடச் சுலபமாக நிரூபிக்கக்கூடிய குற்றம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். குற்றம் செய்தவர் தன் கடைப் பெயரையும் கைபேசி எண்ணையும் அங்கேயே எழுதி வைத்துவிட்டுப் போகிறார். ஆனால் அந்தச் சாட்சி போர்டு இருக்கும்வரைதான். போர்டு போய் ஆணியை மரம் மூடிய பிறகு யாரையும் பிடிக்க முடியாது.

சின்ன வியாபாரி விளம்பரத்துக்கு எங்கே போவார் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி செய்ய வேண்டியது உள்ளாட்சிதான். பேருந்து நிறுத்தம், சந்தை அருகே குறைந்த கட்டணத்தில் அறிவிப்புப் பலகைகள் வைக்கலாம். அவருடைய செலவு மிச்சமாவதற்காக ஒரு கூலித்தொழிலாளி கண்ணையோ கையையோ பணயம் வைக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க முடியாது. என் வீட்டு மரம், என் ஆணி என்பவர்களுக்கும் இதுவே பதில். உங்கள் மரத்தையும் ஒரு நாள் ஒருவர் அறுக்கத்தான் போகிறார். எங்கே இரும்பு இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன் அவரிடம் சொல்வது உங்கள் கடமை. வேலையில் காயம்பட்ட தொழிலாளி இழப்பீடு கேட்கும் உரிமை 1923 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்த வேலை என்று சொல்லி, வேலையைக் கொடுத்த நிறுவனம் எல்லா நேரமும் நழுவிவிட முடியாது.

ஆணியைப் பிடுங்கினால் மரத்துக்கு இன்னும் காயம் ஆகாதா என்ற தயக்கமும் சரியானதே. தலை வெளியே தெரியும் ஆணியைக் குறடால் நேராக இழுத்து எடுக்கலாம். மரம் மூடிவிட்ட ஆணியைத் தோண்டக் கூடாது. இடத்தைப் பெயிண்டால் குறித்து வைத்தால் போதும். மின்ஒயர் சுற்றியிருந்தால் கையே வைக்க வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். புகார் கொடுப்பதில் ஊர் எல்லை தெரிந்திருப்பது நல்லது. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம், அழைக்க வேண்டிய எண் 1913. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அங்கே ஆணையரிடம் எழுத்தில் கொடுங்கள், அல்லது முதல்வரின் உதவி எண் 1100-ல் பதிவு செய்யுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எதைச் செய்வதற்கு முன்பும் போர்டில் இருக்கும் பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.